பின்சீட்டு வாடை

"ஜெபகுமார், இன்னிக்கும் பெட்ரோல் வாடை வரதுப்பா" என்றாள் பூமா, பின்சீட்டிலிருந்து.

ஜெபகுமார் மூக்கை நன்றாக உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஆமாம்மா. லேசா வந்துக்கினுதான் இருக்குது."

சுத்தப் பொய். பெட்ரோல் வாடையா, மல்லிகை மணமா, கருவாட்டு நாற்றமா, எதுவுமே அவனுக்குத் தெரியாது. கொரோனா அவனை விட்டுப் போனபோது மூக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது. மனைவி நதியாவைத் தவிர யாருக்கும் அவன் இதைச் சொல்லவில்லை. வண்டி புகைந்தாலும் தெரியாத டிரைவரை எவன் கூப்பிடுவான்?

கூப்பிடுவதற்கும் இப்போது ஒரே குடும்பம்தான் மிச்சம். சின்ன காஞ்சிபுரத்து சக்ரவர்த்தி சாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் அவரையும் மனைவி பூமாவையும் டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடவேண்டும். ஒருவர் சாகாமல் இருப்பதை நம்பி அடுப்பு எரிகிற பிழைப்பு. அதை நினைத்தால் ஜெபகுமாருக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் சாருக்காக முழங்கால் போடுவான்.

அன்று மாலையே ஒரு செண்டு பாட்டில் வாங்கினான். எவ்வளவு அடித்தால் போதும் என்று தெரியாததால் முழுப் பாட்டிலையும் அடித்தான்.

வெள்ளிக்கிழமை சார் வழியிலேயே வாந்தி எடுத்தார்.

"செண்டும் பெட்ரோலும் சேர்ந்து கொல்றதுப்பா" என்று பூமா கண்ணைத் துடைத்தாள். "செவ்வாய்க்கிழமையும் இப்படியே இருந்தா அடுத்த தெரு டிரைவர் லோகேஷ் வண்டிய சொல்லிடுவேன். தப்பா நெனச்சுக்காதே."

சனிக்கிழமை அவன் உமாபதியிடம் ஓடினான். பெரிய காஞ்சிபுரத்தில் உமாபதிக்கு 'மூக்கு மெக்கானிக்' என்றே பெயர். மோந்து பார்க்காமல் பானெட்டைத் திறக்க மாட்டார். மோந்து சொன்னால் தப்பாது என்பார்கள்.

உமாபதி கண்ணை மூடி, வண்டியை ஒரு பிரதட்சிணம் வந்தார். சைலன்சர் அருகே குனிந்து இழுத்தார். ஒரு கண்ணைத் திறந்து கேட்டார். "இங்கதானேபா?"

இல்லை என்றால் எங்கே என்று கேட்பாரே! ஜெபகுமாரும் குனிந்து உறிஞ்சினான். "கரெக்ட்டுண்ணே. இங்கதான் குப்புனு அடிக்குது."

"நெனச்சேன்" என்று உமாபதி சைலன்சரைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

மறுநாள் சர்ச்சுக்குப் போகிற வழியில் நதியா பாதியில் இறங்கிவிட்டாள். "முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா இருக்குதுயா. எவனாச்சும் தீக்குச்சி கிழிச்சா நேரா பரலோகம்தான். மெக்கானிக்காண்ட நானும் வரேன்."

"பொண்டாட்டி மூக்க இரவல் வாங்கிக்கினு போனா மானம் போயிடும்மே" என்றான் ஜெபகுமார்.

திங்கட்கிழமை தனியாகவே போனான். உமாபதி இம்முறை பின்சீட்டைத் தூக்கிவிட்டு, அடியிலிருந்த டேங்க் மூடிமேல் முகத்தை வைத்தார். நிமிர்ந்து ஜெபகுமாரின் முகத்தையே பார்த்தார். "என்னாபா, இதானே?"

"அதேதாண்ணே! தல சுத்துது" என்று ஜெபகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

உமாபதி மூடியைக் கழற்றித் துடைத்து, பழைய ரப்பரையே வைத்து முறுக்கினார். இருவரும் மறுபடி ஆழமாக மோந்தார்கள்.

"சுத்தமா போச்சு" என்றார் உமாபதி.

"சுத்தமா" என்றான் ஜெபகுமார்.

செவ்வாய்க்கிழமை ஓரிக்கை தாண்டுவதற்குள் சாரின் தலை பூமாவின் தோளில் சாய்ந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"வண்டிய நிறுத்துப்பா! பெருமாளே!"

ஜெபகுமார் வண்டியை ஓரங்கட்டினான். டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் பீடியைத் தூர எறிந்துவிட்டுக் கத்தினார். "யோவ், கீழ பாருய்யா! பெட்ரோலு ஒழுவுது!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து சாரை வெளியே இறக்கினார்கள். காற்று பட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். "ஜெபகுமார், உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பூமா அவன் பக்கமே திரும்பாமல் சாரோடு ஒரு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தோமே என்று அவன் நடுரோட்டில் நின்றான். பிழைப்பு போனதுகூட அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு வேன்காரரிடம் கெஞ்சி, கயிறு கட்டி, வண்டியை உமாபதி கடை வாசலுக்கு இழுத்துவந்து விட்டான். உமாபதி சாமான் வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி ரேணுகாம்பாள் மட்டும் இருந்தாள்.

"அண்ணே என் குடியக் கெடுத்துட்டாரு அண்ணி!" என்று ஜெபகுமார் தரையில் உட்கார்ந்தான். "தப்பு என் மேலயும்தான். எனக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆவுது. ஒரு வாசனையும் தெரியாது. அவரு மூக்க நம்பித்தான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன்."

ரேணுகாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ தம்பி, அந்தக் கொரோனாவுல அவரு மூக்கும் போயிடுச்சு; நீ தலையாட்டுறத பாத்துத்தான் அவரு ஒவ்வொண்ணா கழட்டிக்கினு இருந்தாரு!"