வலிக்குமா சாரே?

சாகக் கிடந்தாலும் சொல்லுக்கு வேர் தேடுகிற கிறுக்கு எனக்கு உண்டு. அந்தக் கிறுக்கோடு போய், இடுப்பு வலிக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவன் நான்.

திற்பரப்பு அருவியில் நிற்கும்போதே பிடித்துவிட்டது. (சிறுநீரகக் கல் என்பது பின்னால் தெரிந்தது. அப்போது யாரோ விலாவுக்குள் மண்வெட்டி போடுவதாகத்தான் பட்டது.) துண்டு எடுக்கப் போவதாக மனைவி பகவதியிடம் சொல்லிவிட்டுக் காருக்குள் சுருண்டு கிடந்தேன். அவள் வந்து பார்த்து, வண்டியைக் குலசேகரத்துக்கு விரட்டினாள். வழியில் நான் சும்மா வரவில்லை.

"வேதனைன்னா அறிதல், பகவதி. வேதத்துக்கும் அதே வேருதான். வலிக்குப் பழைய தமிழுல பலம்னு அர்த்தம். இழுக்கதுன்னும் ஒண்ணு உண்டு... எம்மோ..."

"சும்ம கெடயுங்க. ஆசுத்திரி வந்தாச்சு."

சிறிய ஆஸ்பத்திரி. நர்ஸ் கேட்டாள்: "சாரு வலிக்குமா?"

"உயிர் போகும்படி வலிக்கும், சிஸ்டர்."

"விட்டு விட்டா?"

"ஒண்ணு முடியதுக்குள்ள அடுத்தது."

"நிறுத்தணும்னு தோணலியா?"

"அதுக்குத்தானே இஞ்ச வந்தது!"

"பீடியா, சிகரெட்டா?"

அடுத்த வலி வந்துவிட்டதால் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டுக்கும் ஆட்டியதாகப் பகவதி இன்றும் சொல்கிறாள். மகள் பிறந்த அன்றே சிகரெட்டை விட்டதாக அந்தக் குழந்தையின் தலையிலேயே கைவைத்துச் சத்தியம் செய்தவன் நான்.

"துண்டு எடுக்கப் போனது இதுக்குத்தானா?" என்றாள் பகவதி.

"டாக்டரே, சாரு பயங்கர வலியாக்கும்" என்றாள் நர்ஸ். டாக்டர் என் நுரையீரலுக்காக வருந்தினார். ஊசிக்குப் பதில் எக்ஸ்ரே. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். இழுத்தேன். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு நான் அலறியதற்கு எந்த அகராதியிலும் வேர் கிடையாது. ஆனால் அது டாக்டருக்குச் சட்டென்று புரிந்தது. ஊசி போட்டார்கள்.

குலசேகரம் மாதிரி மேற்கத்தி ஊர்களில் பீடியை 'வலிப்பார்கள்'. சுசீந்திரத்தில் நாங்கள் பீடி 'குடிப்போம்'. நர்ஸ் கேட்ட வலி, நான் காரில் முக்கி முக்கிச் சொன்ன அதே 'இழுத்தல்'. இப்போதும் தலைவலி என்று நான் படுத்தால், "பீடியா, சிகரெட்டா?" என்றுதான் மகள் விசாரிக்கிறாள்.

அன்று வலி அடங்கியதும் இதையெல்லாம் பகவதிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அர்த்தமெல்லாம் இருக்கட்டு. இப்பம் வாயத் தொறந்து ஊதுங்க, பாப்பம்."