குற்றாலத்துக்கு ஒரு மாற்று அருவி

உலகத்துத் தண்ணீரை எல்லாம் கடவுள் ஒரே ஊரில் கொட்டிவிட்டு, குடத்தில் ஒட்டியிருந்ததைத்தான் மற்ற ஊர்களுக்கு உதறினார் என்று மனதார நம்பிய மனிதன் ஒருவன் உண்டு. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தான். பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் குற்றாலம் என்றே கூப்பிட்டோம். அவன் வாயில் வேறு சொல் வந்தால்தானே!

நானும் அவனும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில், கார் கதவுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தோம். கம்பெனி பஸ்ஸில் ஏசி போட்டால், "இதெல்லாம் ஒரு குளிரா? எங்கூர்ச் சாரல்ல வந்து நின்னு பாருங்க" என்பான். கேன்டீன் ரசத்தில் குறை சொல்ல மாட்டான். ரசம் வைத்த தண்ணீரில் சொல்வான்.

ஜூன் பிறந்ததும் வியாதி முற்றியது. விடிந்ததும் மாடியில் நின்று ஊருக்கு போன் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "தண்ணி விழுதா?" என்பான். அவன் கேட்டது அருவியை. கீழே என் அம்மா புரிந்துகொண்டது டேங்க்கை. நிரம்பி வழிகிறதென்று அலறி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிடுவார். மற்ற மாடியறைகளில் குடியிருந்த பையன்கள் சோப்பு போட்ட கண்ணோடு கூச்சல் போடுவார்கள்.

"இன்னாடா உன் கூட்டாளி? பொழுது வுடிஞ்சா தண்ணி உழுதா, தண்ணி உழுதான்னு கத்திகினு கீறான். நான் மோட்டார பாப்பனா, தோசய பாப்பனா?" என்று அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு நாள் ஊரிலிருந்து "விழுது" என்று பதில் வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ட்ரெயினியாக இருந்தவன் இன்னும் ஒரு மாதம் லீவு போடாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். அவன் வீடே அதற்காகத்தான் காத்திருந்தது.

"அருவிதானடா ஓணும்? நான் காட்றேன் வா" என்று ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏற்றி, ஆந்திர எல்லை தாண்டி ஒரு காட்டருவிக்குக் கூட்டிப்போனேன்.

காட்டு வாசலில் காவலர் அவன் பையைத் திறந்தார். உள்ளே ஒரு பாட்டில். "நல்லெண்ண சார். அருவின்னா எண்ண தேய்க்கணும்லா?" என்றான். பிளாஸ்டிக் உள்ளே போகக் கூடாது என்று காவலர் பாட்டிலைப் பிடுங்கப் போனார். குற்றாலம் அசரவில்லை. பாதியைத் தன் தலையில் கவிழ்த்தான். நான் விலகுவதற்குள் மீதியை என் தலையில் கவிழ்த்தான்.

பிறகு நடை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே மரம் அடர்ந்த பள்ளத்தாக்கு, காலடியில் உருண்டைக் கல். எண்ணெய் உள்ளங்கால் வரை இறங்கியிருந்தது. நான் வழுக்கி வழுக்கி விழ, அந்தக் காட்டின் தூசி, சருகு, எறும்பு எல்லாம் என் மேல் குடியேறின. எதிரே வந்த குடும்பம் ஒன்று குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. நல்ல அழகான இடம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒரு கண்ணால்தான் பார்த்தேன். இன்னொன்றில் எண்ணெய்.

அருவி வெயிலில் இளைத்து, ஒரு ஆள் தலைக்குக் காணும் அளவில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, மேல எவனோ கொழாய மூட மறந்துட்டுப் போயிருக்கான்."

"நீ வாய மூடிகினு குளிடா."

போய் நின்றான். நின்றவன் நகரவே இல்லை. எறும்புகளோடு நான் காத்திருந்தேன். நான் தொண்டை கட்டும்வரை கத்தியபிறகு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"நிமிந்து நிக்காதீய. முதுகக் குடுங்க. இதுக்கு முந்தி அருவில குளிச்சிருக்கியளா?"

"இல்லடா."

"ஒருக்கா கூடவா?"

எனக்கு ஏதோ தீராத நோய் என்று தெரிந்துவிட்டதுபோல் பார்த்தான். திரும்பும் வழியில் ஒருமுறைகூடக் குற்றாலம் என்று சொல்லவில்லை. ஆசை அடங்கிவிட்டது, ஒரு மாதம் தள்ளிவிடுவான் என்று நிம்மதியாக வண்டி ஓட்டினேன்.

மறுநாள் காலை மாடியில் அவன் சத்தமே இல்லை. டேங்க் நிஜமாகவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "சாவிய குட்துட்டு ஊருக்குப் போய்ட்டாண்டா" என்றார் அம்மா.

போன் போட்டுக் கத்தினேன். "ஒரு மாசம் பல்ல கட்ச்சிகினு இருக்க முடிலயா உன்னால? அதுக்குத்தானடா அருவிய காட்னேன்!"

"நீங்க காட்டுனதாலதாண்ணே கெளம்பிட்டேன். அந்தச் சொட்டுத் தண்ணியில நின்னப்புறம் மனுசன் அங்க எப்படி இருக்க முடியும்? நீங்க இங்க வாங்க. பாவம், அருவியே பாக்காதவர் ஒருத்தர் வாராருன்னு அம்மாட்ட சொல்லிட்டேன்."

ஒரு வாரமாகக் கோபம் அடங்கவில்லை. நிரந்தர வேலையை இப்படியா காலால் தள்ளுவான்? லைனில் அவன் இடத்துக்கு ஒரு புதுப் பையன் வந்தான். எதையும் குறை சொல்லாமல், பேசாமல் ரப்பர் மாட்டினான். அவனைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிச்சலாக வந்தது. நேராக சூப்பர்வைசரிடம் போய் லீவு கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"ஊருக்குப் போறேன் சார்."

"யோவ், உன் ஊரு வடக்குப்பட்டு. இங்க மாடி மேல ஏறி நின்னாலே உன் வூடு தெரியுது."

"தெரியுது சார். அவன் அங்க இல்லியே."