நாகம்மாளின் யூதைராய்டு

அரிசி டின்னுக்கு அடியில் மடித்து வைத்திருந்த லேப் காகிதத்தில் 'யூதைராய்டு' என்று போட்டிருந்தது. மருதாசலம் அதை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

மேலே அவர் பெயர்தான் இருந்தது. இருந்தால் என்ன? நிலக்கரி மைன்ஸ்காரன் வீட்டில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் கம்பெனி ஆஸ்பத்திரியின் மெடிக்கல் புத்தகம் ஊழியர் பெயரில்தானே! தனக்கோ ஒரு நோயும் கிடையாது. அப்படியானால் நாகம்மாளுக்குத்தான். சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறாள், பாவி!

முப்பத்துநாலு வருஷமாக இதே குவார்ட்டர்ஸ். கல்யாணமான புதிதில் நைட் ஷிப்ட் முடிந்து முகமெல்லாம் கரித்தூசியோடு வந்தவரை, "யாருங்க வேணும்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினவள் அவள். இந்த மாதத்தோடு ரிட்டயர்மென்ட். இனிமேலாவது அவள் பக்கத்திலேயே இருக்கலாம் என்று நினைத்திருந்தாரே மனுஷன்!

பக்கத்து வீட்டுத் துரைராஜிடம் ஓடினார். அவர் மைன்ஸில் கிரேன் ஓட்டினவர்.

"ஹைப்போன்னா கம்மி, ஹைப்பர்னா ஜாஸ்தி. யூன்னா ரெண்டும் கலந்துகினு வர்றதா இருக்கும்பா. முட்டைக்கோஸ் ஆவாது. வேலையும் வாங்காத."

அன்றே கோஸ் பொரியல் குப்பைக்குப் போனது. துணியை மருதாசலமே துவைத்தார். அவளுடைய கல்யாணப் பட்டின் அரக்குச் சாயம் முழுக்க அவர் வேட்டிக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கினார். அது நேராக அவள் காலில் விழுந்தது.

"உங்களுக்கு என்னதாங்க ஆச்சு?" என்று நாகம்மாள் அழுதேவிட்டாள்.

அழுகை வேறா! நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டி, காகிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

லேப்பில் ரத்தம் சோதிக்கும் தேவயானி இருந்தாள்.

"எத்தன நாளுங்கம்மா தாங்குவாங்க?"

"யாருங்க?"

"இந்த யூதைராய்டு வந்தவங்க."

தேவயானி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஐயா, அது கிரேக்க வார்த்தைங்க. யூன்னா 'நல்லா'ன்னு அர்த்தம். தைராய்டுன்னா கேடயம் மாதிரி இருக்கறது. கழுத்துல இருக்கற சுரப்பிக்கு அந்தப் பேர வச்சிட்டாங்க. ஹார்மோன் சரியா சுரக்குதுன்னு எழுதியிருக்கு, அவ்ளோதான்!"

மருதாசலம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

"நாகம்மாளுக்கு ஒண்ணுமில்லீங்களா! நல்லா இருக்கிறவளுக்கு எதுக்குங்கம்மா இந்த டெஸ்ட்டு?"

"அம்மாவுக்கு எங்கங்க எடுத்தோம்? உங்க வருஷ செக்கப்புல எடுத்த ரத்தம் அது. 'ரிட்டயர்மென்ட் தேதி வந்ததுலேருந்து பாத்ரூம் கொழாயத் தொறந்து வுட்டுகினு உள்ள அழுவுறாரு, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிகினு இருக்காரு, தைராய்டு கெட்டாலும் அழுவ வருமாமே, எதுக்கும் பாத்துடுங்க'ன்னு அம்மாதான் வந்து கெஞ்சினாங்க."