சகலைக்கு அனுப்பிய ஐந்து நாள் திட்டத்தில் சில திருத்தங்கள்

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் மனைவியின் அக்காவும் நலம். அவள் கொஞ்சம் கூடுதல் நலம், காரணம் உங்களுக்கே தெரியும். அங்கு நீங்களும் மைத்துனியும் உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையும் அதற்குப் புதிதாகப் போட்ட ஏ.சி.யும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகப்போகும் ஐரோப்பியத் தலைநகரத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் போன புதன்கிழமை ஐந்து நாள் பயணத் திட்டம் ஒன்று போட்டு அனுப்பினேன் அல்லவா, அதில் சில சிறு பிழைகள் நேர்ந்துவிட்டன. தயவுசெய்து அதை அப்படியே பின்பற்ற வேண்டாம். பிழைக்குக் காரணம் என் கண்ணாடியாக இருக்கலாம். அது உங்கள் கடையில் வாங்கியது. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அருங்காட்சியகம் என்று போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் அதற்கு விடுமுறை. புதன்கிழமை கோட்டை ஊருக்குத் தெற்கு ரயில் நிலையத்தில் ஏழு நாற்பது வண்டி என்று போட்டிருக்கிறேன். தெற்கு நிலையத்தில் ஏழு நாற்பதுக்கு ஒரு வண்டி இருப்பது உண்மைதான், ஆனால் அது சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர்கள் ஏறுவது. கோட்டைக்கு வடக்கு நிலையத்தில் ஏற வேண்டும். மலைமேல் இருக்கும் தேவாலயத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படி, வேறு வழியில்லை என்று எழுதியிருந்தேன். பின்பக்கமாக ஒரு இழுவை ரயில் இருக்கிறது, நாலே நிமிஷத்தில் உச்சியில் இறக்கிவிடும். நான் சிபாரிசு செய்த தங்கும் விடுதி ஐந்தாவது மாடி, அங்கே லிஃப்ட் கிடையாது. இத்தனை பிழையும் ஒரே தாளில் எப்படி ஒரே ஆளுக்கு நேர்ந்தது என்று நீங்கள் யோசிப்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். கண்ணாடியைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்று தோன்றுகிறது, ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராகக் காலம் தள்ளியவன் நான். எந்த வண்டி எப்போது கிளம்பி எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்டே பழகிய கை. ஓய்வு பெற்ற மறுநாள் போடுவதற்கு ஒன்றும் இல்லாமல் அரித்தது. அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையில் அந்த ஊரின் படத்தைப் பார்த்தேன். ஒரு ஆறு, அதன் குறுக்கே வரிசையாக ஒன்பது பாலம், எல்லாப் பாலத்திலும் ஆட்கள் அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். அன்று தொடங்கியதுதான் என் பச்சை ஃபைல். ஆறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன் சகலை. எந்தப் பாலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும், எந்த டிராமில் இடப்பக்கம் உட்கார்ந்தால் அரண்மனை தெரியும், ஏரிக்கரை ஊரில் கடைசி ரயிலை விட்டுவிட்டால் அடுத்த பஸ் எது, அந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார பெஞ்சு உண்டா என்பதுவரை அதில் இருக்கிறது. என் வீட்டுக்காரி காய் நறுக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். அவள் தலையை நிமிர்த்தாமல் "ம்" போடுவாள். இதற்கிடையே என் பாஸ்போர்ட் காலாவதியாகி, ஒழுங்காகப் புதுப்பித்து வைத்துக்கொண்டேன். பழையதிலும் புதியதிலும் ஒரு முத்திரைகூட இல்லை. கண்ணாடிக் கண்காட்சிக்கென்று மூன்று நாள் வெளிநாடு போய்வந்து, அந்த ஒற்றை முத்திரையைக் கல்யாண ஆல்பம் மாதிரி எல்லோருக்கும் திறந்து காட்டியவர் நீங்கள்.

அப்படியிருக்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தம்பதி சமேதராக வந்தீர்கள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "சகலை, டிக்கெட் போட்டாச்சு. நேத்து கடையில ஆளே இல்ல, சும்மாதான உக்காந்திருக்கோம்னு பத்து நிமிஷத்துல போட்டுட்டேன்" என்றீர்கள். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னீர்கள். ஆறு வருஷமாக நான் கட்டிய வீட்டில் நீங்கள் பத்து நிமிஷத்தில் குடிபுகுந்துவிட்டது மாதிரி இருந்தது எனக்கு. சமாளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு விட்டீர்களா? "ஆமா, அங்க ஆறு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டீர்கள். ஒன்பது பாலத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது? அடுத்தாற்போல், "நீங்கதான் அந்த ஊரையே கரைச்சுக் குடிச்சவராச்சே, அஞ்சு நாளைக்கு ஒரு ப்ளான் போட்டுக் குடுங்க" என்றீர்கள். கடைசியில் கிளம்பும்போது வாசலில் ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, மற்றொரு செருப்பைத் தேடியபடியே, "நீங்களும் அக்காவும்கூட வரலாமே" என்றீர்கள். உள்ளே உட்கார்ந்து இரண்டு டீ குடித்த வரைக்கும் அது உங்களுக்குத் தோன்றவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டால் அது அழைப்பா சகலை? "நமக்கு அதெல்லாம் ஒத்துவராது" என்று சொல்லிவிட்டேன். அந்த 'நமக்கு'வில் அவளையும் சேர்த்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் அந்த ஏழாவது பாலத்தில் வெயில் பக்கமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வது மாதிரியே கண்முன் வந்தது. நிழல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத ஆளுக்கு அந்தப் பாலம் எதற்கு? எனக்குப் பொறாமைதான். எழுதிவிட்டேன், இனி அடிக்கப்போவதில்லை. வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்துதான் அந்தத் திட்டத்தைப் போட்டேன். சரியானதைப் போடுவதைவிடத் தப்பானதைப் போடக் கூடுதல் நேரம் பிடித்தது. சிமெண்ட் ஆலை வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. கிடைத்ததும் வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை அனுப்பினேன். வியாழக்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டே, "நான் போறேன்" என்றாள். எங்கே என்று கேட்டேன்.

"உங்க ஊருக்குத்தான். தங்கச்சி எனக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்கா."

"நமக்கு ஒத்துவராதுன்னு அன்னிக்கே சொல்லியாச்சே."

"அது நீங்க சொன்னது. என்னை யாரும் கேக்கல."

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வீம்பாக இருந்திருப்பேன். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் எங்கள் அடுக்குமாடியில் படி ஏற ஆரம்பித்துவிட்டாள். கீழிருந்து மொட்டைமாடி, மறுபடி கீழ், மறுபடி மேல். இடது முட்டி நோகிறது என்று ஒரு வருஷமாகத் தைலம் தடவிக்கொண்டிருப்பவள், நான் உங்களுக்கு அனுப்பிய தாளின் பிரதியைத் தங்கச்சியிடம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுகிறாள். என்ன இது என்று கேட்டால், "முன்னூத்திப் பன்னெண்டு படின்னு போட்டிருக்கீங்களே, வேற வழியில்லன்னு. அதான் பழகறேன்" என்கிறாள். நேற்று நூற்றெண்பது வரைக்கும் போய், மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். இழுவை ரயில் இருக்கிறது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் மற்றதெல்லாம் வெளியே வரும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். உங்களுக்கென்று தோண்டிய குழியில் அவள் முட்டியோடு இறங்கிக்கொண்டிருக்கிறாள் சகலை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே இத்துடன் சரியான திட்டத்தைப் பச்சை ஃபைலிலிருந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவளை இழுவை ரயிலில்தான் அழைத்துப் போக வேண்டும். டிராமில் இடப்பக்கம் உட்கார வையுங்கள். ஏழாவது பாலத்தின் நடுவில் ஒரு கல் இருக்கை இருக்கிறது, நாலு மணிக்கு அங்கே நிழல் வந்துவிடும், அவள் கொஞ்ச நேரம் உட்காரட்டும். அது நாங்கள் இருவரும் உட்கார வேண்டும் என்று நான் குறித்து வைத்த இடம். பரவாயில்லை. எனக்கு இப்போது அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே இல்லை. காகிதத்தில் பார்த்தது போதும். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும், பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், லிஃப்ட் பழுது பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் மூவரும் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பி வாருங்கள். போட்டோ அனுப்ப வேண்டாம்.

மைத்துனிக்கு என் ஆசிகள். கடைக்கும் கல்லாவில் உட்காரும் உங்களுக்கும் எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
மூத்த சகலை

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து, கவர் எடுக்க உள்ளே போய்வந்தேன். அதற்குள் அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டிருந்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. "இழுவை ரயில் இருக்கறது எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா காதுல ஓதியிருக்கீங்க. அருங்காட்சியகத்துக்குச் செவ்வாக்கிழமை லீவுன்னுகூடத் தெரியும். நீங்களா வாயத் திறந்து சொல்றீங்களான்னு பாக்கத்தான் படி ஏறினேன்" என்றாள். முட்டி வலி என்னவோ நிஜம், தைலம் தடவிவிட்டேன். அப்புறம் சொன்னாள், நீங்கள் அன்றைக்கே நாலு டிக்கெட் போட்டுவிட்டீர்களாம். வந்ததே என்னைக் கூப்பிடத்தானாம். என் முகம் போன போக்கைப் பார்த்து உங்களுக்குப் பேச்சு வராமல், கடைசியில் செருப்பு மாட்டும்போதுதான் தைரியம் வந்ததாம். இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மத்தியானம் மிச்சமாகியிருக்கும்.

பிறகு பச்சை ஃபைலைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். "உங்க ஒரிஜினல் ப்ளான்ல ஒரே ஒரு தப்பு இருக்கு. மணி இருக்கு, நிமிஷம் இருக்கு. எதுலயும் தேதியே இல்ல" என்றாள். டிப்போ அட்டவணையில் தேதி போட மாட்டோம் சகலை, பஸ் தினமும் ஓடும் அல்லவா. அந்தப் பழக்கம். அவள் என் விசா விண்ணப்பத்தை அந்த ஃபைலிலிருந்தே எடுத்தாள், எப்போதோ நிரப்பி வைத்திருக்கிறாள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் தேதியும் போட்டேன்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லியாயிற்று. விமானத்தில் ஜன்னல் ஓர இருக்கையை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். உங்களிடம்தான் ஏற்கெனவே ஒரு முத்திரை இருக்கிறதே.