உதாரணம் திருத்திய கையேடு

மாமல்லபுரத்துப் பாறைகூட உளி பட்டால் கொஞ்சம் வழிவிடும். எங்கள் உதாரணம் வழிவிட மாட்டார். எழுபதுகளில் கல்பாக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் படித்த மேதைகளுக்குப் பஞ்சமே இல்லை. அத்தனை மேதைகளும் கண்டவுடன் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போன ஒரே மனிதர், கம்ப்யூட்டருக்குக் கார்டில் துளை போடும் பிரிவில் இருந்த இந்த உதாரணம்தான்.

செங்கல்பட்டுப் பக்கத்துப் படாளத்துக்காரர். என்னைவிட ஒன்றோ இரண்டோ வயது கூட இருக்கும். பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. யார் எதைச் சொன்னாலும், "இன்னா சொல்ற? ஒரு உதாரணம் சொல்லு" என்பார். சொல்லும்வரை விட மாட்டார். கேன்டீனில் ஒருநாள், 'சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் வைக்கவும்' என்று எழுதி மாட்டினார்கள். இவர் தட்டும் கையுமாக நின்றுவிட்டார்.

"இன்னாய்யா நிக்கிற?" என்றார் கேன்டீன் மேனேஜர்.

"உரிய இடம் எங்க கீதுன்னு போர்டுல இல்லியே."

"தோ, அந்தத் தொட்டி! தெனம் அங்கதான வைக்கிற?"

"எனக்குத் தெரியும் அண்ணாத்த. புதுசா வர்றவனுக்கு?"

மேனேஜர் சாக்பீஸ் எடுத்து அம்புக்குறி போட்ட பிறகுதான் தட்டு தொட்டிக்குப் போனது. அதற்குள் சாம்பார் அதில் நன்றாகக் காய்ந்துவிட்டது.

இப்பேர்ப்பட்டவர் கையில் மேட்ரிக்ஸ் கையேடு கிடைத்தது எங்கள் பிரிவுத் தலைவரின் கெட்ட நேரம். மேட்ரிக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். எண்களை வரிசையும் பத்தியுமாகக் கட்டத்தில் அடுக்குவது, அவ்வளவுதான். சமன்பாடு இரண்டோ இருநூறோ, கட்டத்தில் போட்டுக் கொடுத்தால் கம்ப்யூட்டர் விடையைத் துப்பிவிடும். அதற்கான புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் இரண்டே வரி விளக்கம். உதாரணம் ஒன்றுகூடக் கிடையாது.

"இத்த எழுதினவன் யாருக்கு எழுதினான்? அவனுக்கே எழுதிக்கினானா?" என்று கொதித்தார். அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தார்.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க அவர் பிடித்துவைத்திருந்த ஆள், செங்கல்பட்டிலிருந்து எங்களை ஏற்றிவரும் ஆபீஸ் பஸ்ஸின் டிரைவர். வழியில் ரயில்வே கேட் மூடி பஸ் நின்றதும் காகிதத்தை நீட்டுவார்.

"படி அண்ணாத்த. இன்னா புரிஞ்சுது?"

"ஒரு எழவும் புரியல."

"அப்ப நான் எழுதினதுதான் தப்பு" என்று அங்கேயே கிழித்துப் போடுவார். ஏழாவது தடவை, டிரைவர் ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து இரண்டு சமன்பாட்டைத் தாமே கட்டத்தில் போட்டுக் காட்டினார். கேட் திறந்தது இருவருக்குமே தெரியவில்லை. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனில் கதறினார்கள்.

அந்தப் பக்கத்தைத் தலைவரிடம் கொண்டுபோனார். "கையேட்டைத் திருத்த நீ யாருய்யா? போய்க் கார்டைப் பாரு" என்று திருப்பி அனுப்பினார் தலைவர். மறுநாள் உதாரணம் இன்னொரு பிரதியோடு போனார். அதற்கு மறுநாளும் போனார்.

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். என் கணக்கு மூன்று முறை ஓட்டியும் தப்பாகவே வந்தது. அலட்சியம் என்று தலைவர் மெமோ கொடுத்துவிட்டார். சனிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும். அது திருப்தியாக இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ என் உத்தியோகத்தைப் பெருமையாகச் சொல்லித்தான் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அழுவாத மச்சான். உன் கணக்கு ரொம்பப் பெருசு. சின்னதா ஒண்ணு போட்டுப் பாப்போம்" என்றார் உதாரணம்.

ஒரு எக்ஸும் இரண்டு ஒய்யும் சேர்ந்தால் ஐந்து. மூன்று எக்ஸும் நான்கு ஒய்யும் சேர்ந்தால் பதினொன்று. எக்ஸ் ஒன்று, ஒய் இரண்டு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும். கார்டில் துளைத்து ஓட்டினோம். கம்ப்யூட்டர் சொன்ன விடை ஆறரை, மைனஸ் அரை.

வரிசையைப் பத்தியாக மாற்றிக் கையால் போட்டுப் பார்த்ததும் அதே விடை வர, உதாரணம் துள்ளிக் குதித்தார். நாங்கள் எல்லோரும் எண்களை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகத்தான் எழுதித் துளைப்போம். அந்தப் புரோகிராமோ மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக நிரப்பிக்கொள்கிறது. அதுவரை எங்கள் பிரிவில் ஓடிய கட்டங்களெல்லாம் வரிசையைப் பத்தியாக்கினாலும் மாறாதவை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. மாறக்கூடிய முதல் கட்டம் என் தலையில் விடிந்திருந்தது. அன்றே உதாரணம் அதற்கும் ஒரு பக்கம் எழுதினார்.

சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு தலைவர் அறைக்குள் நுழைந்தார்.

"இவன் மேல தப்பு இல்ல சார். புக்கு மேலதான்."

"புத்தகத்துல எந்த வரிய்யா தப்பு?"

"எழுதாத வரி சார். நீங்களே புக்கப் பாத்துகினு இந்தச் சின்னக் கணக்கப் போடுங்க. சரியா வந்துச்சுன்னா இவன் வேலையும் எடுத்துக்கங்க, என் வேலையும் எடுத்துக்கங்க."

அவர் வேலையை அவர் பந்தயம் வைக்கட்டும். என்னுடையதை ஏன் சேர்க்க வேண்டும்?

தலைவர் சிரித்துக்கொண்டே கையேட்டைத் திறந்தார். தம் கையாலேயே எண்களைத் தாளில் நிரப்பினார், இடமிருந்து வலமாக. அதைக் கார்டில் துளைத்து ஓட்டினோம். விடை வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். ஆறரை ஆறரையாகவே இருந்தது. மைனஸ் அரையும் அசையவில்லை.

"அந்தப் பக்கத்தைக் குடு" என்று வாங்கி, உதாரணம் எழுதியதை முதல் முறையாக முழுக்கப் படித்தார். கடைசி வரிகளில் மட்டும் பேனாவால் தட்டினார். "எல்லாம் சரி. கையேட்டுல இது எதுக்குய்யா? எடுத்துடு."

"அது இல்லாங்காட்டி பக்கமே வோணாம் சார்."

உதாரணம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் தலைவர் மெமோவைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, பக்கத்தை அப்படியே சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த பிறகுதான் நான் அந்த இடத்தைப் படித்தேன். 'விடை தவறாக வந்தால் பயப்படாதீர்கள். நீங்கள் முட்டாள் இல்லை. நாங்கள்தான் சொல்லாமல் விட்டுவிட்டோம்.'

பிறகு எத்தனையோ கையேடுகளைப் படித்துவிட்டேன். எழுதியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டது அந்த ஒன்றில் மட்டும்தான்.