காரமும் சவுக்காரமும்

தோட்டத்துப் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். எழுத உட்கார்ந்தது தப்புத்தான், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு சொல் இத்தனை வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்குத் தண்ணீர் தூக்கும் வேலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பலகை அறை. அதில் யாழ்ப்பாணத்து ரசாயனக்காரர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை எண்ணெய் ஐயா என்போம். தேங்காயெண்ணெயிலிருந்து அமிலங்களைப் பிரித்தெடுத்து, அவை கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பதே அவருடைய வேலை. பால்மரம் வெட்டுகிறவர்களின் கால்களில் அப்போது ஆறாத புண். அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மனிதர் சோற்றைக்கூட மறந்து கிடந்தார்.

கடற்பாசியில் எடுத்த அகர்-அகரில் இறைச்சிச் சாறு சேர்த்துக் கண்ணாடித் தட்டுகளில் உறைய வைப்பார். அதன்மேல் சீழ்க் கிருமியைத் தடவுவார். (எங்கள் கூலி லயத்துப் பிள்ளைகளுக்குக் கூட அப்படி ஒரு விருந்து கிடைத்ததில்லை.) மொத்தம் எட்டுத் தட்டு. ஏழில் அமிலம் சேர்ப்பார். எட்டாவதில் ஒன்றும் சேர்க்க மாட்டார். எட்டாவதில் மட்டும் கிருமி வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் மருந்து பலித்தது என்று அர்த்தம். பல தடவை பலித்தும் இருந்தது.

அதைப் பார்க்க சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அவர் தலையாட்டினால் அந்த அறை நிற்கும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள்.

அதுவரை தட்டுகளைத் தொட ஐயா யாரையும் விட்டதில்லை. அன்று எழுத்து வேலை தலைக்குமேல் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்.

"தட்டெல்லாத்தையும் காரம் போட்டுக் கழுவும். விளங்கிச்சுதோ?"

"சரிங்கய்யா."

எனக்குத் தெரிந்த காரம் மிளகாயில் இருப்பது. வேறு என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். சவுக்காரம்! நாம் தேய்த்துக் குளிக்கிற சோப்பு. அவசரத்தில் ஐயா முதல் பாதியை விழுங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் தண்ணீர் தூக்குகிறேன்?

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. என் பெண்டாட்டி பாக்கியம் கூலாய் ஊர்க்காரி. அவள் அப்பா தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் காய்ச்சுகிறவர், சீதனத்தோடு பத்துக் கட்டி கொடுத்து அனுப்பியிருந்தார். என்ன ஒரு மணம்! வீட்டுக்கு ஓடி ஒரு முழுக் கட்டியை எடுத்து வந்து, எட்டுத் தட்டையும் மூன்று தரம் தேய்த்தேன். பட்டும்படாமல் ஒரே ஒரு தடவை அலசினேன். நன்றாக அலசினால் மணம் போய்விடுமே, வெள்ளைக்காரர் முகர்ந்து பார்த்தால் நம் மாமனாருக்கும் பெருமைதானே என்று நினைப்பு.

ஐயா அந்தத் தட்டுகளிலேயே சாறை உறைய வைத்துக் கிருமியைத் தடவி, ஏழில் அமிலம் சேர்த்து மூடி வைத்தார். இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். ஐயா வெள்ளைக் கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு தட்டுகளை வரிசையாகத் திறந்தார். ஏழிலும் ஒரு புள்ளி இல்லை. டாக்டர் முகம் மலர்ந்தது. எட்டாவதைத் திறந்தார். அதிலும் ஒரு புள்ளி இல்லை.

டாக்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற, புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெஸர் மாணிக்கம் என் காதில் சொன்னார்: "இதுல என்ன ஊத்துனீங்கன்னு கேக்கறாரு. ஒன்னும் ஊத்தலன்னு நம்ம ஐயா சொல்றாரு. ஒன்னும் ஊத்தாததுக்கே கிருமி செத்துப்போச்சுன்னா, உங்க மருந்து எதுக்குன்னு கேக்கறாரு. அலமாக், மோசம் போச்சு!"

ஐயா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"எதாலை கழுவினீர்?"

சவுக்காரம். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நீங்க சொன்னபடிதாங்கய்யா" என்றேன்.

ஐயா எட்டாவது தட்டை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். சாமான்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார்ப் புழுதி அடங்கியபிறகுதான் எனக்கு வாய் வந்தது. மிச்சக் கட்டியைக் கொண்டுபோய் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து முகர்ந்தார்.

"காரம் எண்டால் சலவைச் சோடா" என்றார். பிறகு சிரித்தார். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இது தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம். இதுக்குள்ளையும் என்ரை அமிலந்தான் இருக்குது. எட்டாவது தட்டிலையும் என்ரை மருந்துதான் வேலை செய்திருக்கு. அவர் இருக்கேக்கை இதைச் சொல்லியிருக்கலாமே?"

அன்று சாயங்காலமே டாக்டருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் தோட்டத்தை விட்டுப் போனபிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த அறையில் பிற்பாடு மண்வெட்டிகளைப் போட்டு வைத்தார்கள்.

பாக்கியத்துக்கு இது இன்றைக்கும் தீராத வேடிக்கை. நான் எதையாவது மறைத்து முழித்தால் பேரப்பிள்ளைகள் முன்னாலேயே கேட்பாள்: "என்னாங்க, சொன்னபடிதான் கழுவுனீங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் யார் காலிலாவது புண் வந்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

டாக்டர் வந்துபோன மறுநாள் காலை ஐயா எட்டுத் தட்டுகளையும் தாமே சலவைச் சோடாவில் கொதிக்கவைத்துக் கழுவினார். காய்ந்த லாலாங் புல்லில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். பெட்டியை நான் ரெங்கம் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.