மூடியில் வைத்த சந்தனம்

முட்டாள்தனத்துக்கு வயது வரம்பு கிடையாது. ஆனாலும் எனக்கு அது உச்சத்தில் இருந்தது இருபத்திரண்டாவது வயதில்தான். அப்போது நான் காஜா பெராங்கில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் போமன். (முதலாளியைத் தவுக்கே என்றும் மெக்கானிக்கைப் போமன் என்றும்தான் எங்கள் பக்கம் சொல்வோம்.) இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டறைக் கதவில் ஒட்டிய காகிதக் கொடிகூட இன்னும் கிழியவில்லை. அடுத்த தெருவில் இருந்த கிராணியார், அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர், தவுக்கேயிடம் கார் கேட்டு வந்தார். மகள் சரோஜா தாதிப் பயிற்சிக்குப் பினாங்கு போகிறாளாம். டம்பின் ஸ்டேஷனில் கொண்டுபோய் ரயிலேற்ற வேண்டுமாம். தவுக்கே காரோடு என்னையும் சேர்த்து அனுப்ப ஒப்புக்கொண்டார்.

சரோஜாவை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். தெரியும் என்றால், அவள் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பேன். வாரம் தவறாமல் வருவாள். அந்த டயரில் காற்று குறைந்ததே இல்லை என்பது போமனுக்குத் தெரியாதா? அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நிரம்பிய டயருக்கே காற்றடித்து இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

இனி ஓட்ட முடியாது. டம்பின் பிளாட்பாரத்தில் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்தேன். அங்கே போய் மாற்றிக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு என் இருக்கைக்கு அடியில் வைத்தேன். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருவதாகத் திட்டம். முந்தின நாள் ஆயுத பூஜை வேறு. அவள் உட்காரப்போகும் கார் ஆயிற்றே! விளக்கு, கதவு, பெட்ரோல் டாங்கி மூடி என்று ஒன்று விடாமல் சந்தனத்தை அடை மாதிரி அப்பிக் குங்குமமும் வைத்தேன்.

காலையில் கிளம்பினோம். செங் தாண்டியதும் கார் இருமியது, இழுத்தது, நின்றது.

நான் இறங்கி பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றச் சொல்லிக் கிராணியாரைக் கேட்டுக்கொண்டேன். (பாவம், வெள்ளை முழுக்கால் சட்டையில் வந்திருந்தார்.) பீய்ச்சி அடிக்க வேண்டிய பெட்ரோல் சொட்டியது. “பிரஷர் பத்தல சார்,” என்று தீர்ப்புச் சொன்னேன். டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன், நிறைய எண்ணெய் இருந்தது. வடிகட்டியைக் கழற்றி ஊதி மாட்டினேன். இப்போது நன்றாகப் பீய்ச்சியது. கார் ஓடியது. நான் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ஐந்தாறு மைலில் மறுபடி நின்றது. மறுபடி சொட்டியது. மறுபடி மூடியைத் திறந்து குச்சி விட்டேன். இந்த முறை குழாயில் வாய் வைத்து ஊதியதில் பாதி பெட்ரோல் என் வயிற்றுக்குப் போனது. கார் ஓடியது. குற்றவாளி குழாய்தான் என்று அறிவித்தேன்.

அலோர் காஜாவுக்கு அருகில் மூன்றாம் முறை. கிராணியார் கை கழுவத் தண்ணீர் தேடி ஒரு கடைப் பக்கம் போய்விட்டார். ரப்பர் மரங்களும் நாங்கள் இருவரும் மட்டும். இரண்டு வருடம் நான் ஏங்கிய தனிமை அது. நான் என்ன செய்தேன்? வழக்கம்போல் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, பம்பைப் பிரித்து அதன் ஜவ்வை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

சரோஜா இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். “மூடியத் தொறக்கறப்பெல்லாம் உஸ்ஸுன்னு காத்து இழுக்குதே, அது என்னாங்க?” என்றாள்.

அதெல்லாம் பெட்ரோல் சமாசாரம், உங்களுக்குப் புரியாது என்றேன்.

அப்பா போன கடைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றாள்.

முகத்தில் கிரீஸ், வாயில் பெட்ரோல் நாற்றம், வெள்ளைச் சட்டை இருக்கைக்கு அடியில். நான் தலையைத் தூக்காமலே சொன்னேன்: “ஸ்டேஷன்ல பேசிக்கலாங்க.”

நான்காம் முறை நின்றதையும் தாண்டி ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கூடப் படிக்கப்போகும் தோழி வாசலில் நின்று அவளைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டாள். நான் மூச்சு வாங்க ஜன்னலோரம் ஓடினேன், கிராணியார் என் தோளை உரசியபடி ஓடினார். சரோஜா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரயில் நகர்ந்தது.

“அந்த மூடியில இருக்கிற சந்தனத்தச் சொரண்டிப் பாருங்க,” என்றாள்.

சுரண்டினேன். குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. எண்ணெய் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கான வழி. பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் வராது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழியை அடைத்தவனும் நான்தான். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து தெரியாமலே வைத்தியம் பார்த்தவனும் நான்தான். வடிகட்டி, குழாய், பம்ப் எல்லாம் என் கையில் வீணாக அவதிப்பட்டன.

திரும்பும்போது கார் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அலோர் காஜாவில் அந்த மரங்களைக் கடந்தபோது நின்று தொலையேன் என்று நினைத்தேன். “இப்ப நல்லாத்தானே தம்பி ஓடுது,” என்றார் கிராணியார். மூன்று வருடம் கழித்து மகளின் கல்யாணப் பத்திரிகையையும் அவரே பட்டறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை பினாங்கு. நான் போகவில்லை.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். இந்தக் கதை எங்கள் வீட்டில் பிரபலம். ஆயுத பூஜை வந்தால் பிள்ளைகள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, மூடியில் வைக்கலாமா என்று கேட்காமல் விடமாட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் “ஸ்டேஷன்ல பேசிக்கலாம்மா” என்பான் பெரியவன். எல்லோரும் சிரிப்போம். ஆனால் நான் சொல்லிவைத்திருக்கும் கதையில் ஏதோ சொல்ல வந்தவர் கிராணியார். சந்தனத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. சரோஜா பின் இருக்கையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

போன தீபாவளிக்கும் அந்தக் கதை ஓடியது. பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு, முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே என் மனைவி கேட்டாள்: “கிராணியார்கிட்ட பேசவா வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு எடுத்துட்டுப் போனீங்க? அந்தப் பொண்ணு என்னாதான் சொல்ல வந்துச்சு?”

இத்தனை வருடமும் அந்தச் சட்டையைக் கதையிலிருந்து எடுக்க மறந்திருக்கிறேன்.

“தெரியாது,” என்றேன். அது உண்மை.

“கேட்டிருக்கலாம்ல,” என்றாள்.